தலைப்பாகைக்கு அளவெடுத்த மாலைகள்

என் தகப்பனாரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு இன்றைக்கும் யாராவது வந்துவிடுகிறார்கள். அவர் எப்படிப் பேசுவார், எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், வெள்ளைக்காரக் கலெக்டருக்கு எதிரே உட்கார்ந்து அவர் சொன்ன பதில் என்ன, வீட்டில் உங்களுக்கு என்ன உபதேசம் செய்தார் என்றெல்லாம் கேட்பார்கள். நானும் கதை எழுதுகிறவள்தானே, ஏதாவது சுவையாகச் சொல்லுவேன் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். எனக்குச் சலித்துப் போயிற்று. கலெக்டருக்கு எதிரே அவர் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் அவர் கழுத்திலிருந்து இறங்கிய மாலைகளைத்தான். அதைச் சொல்லத் தொடங்கினால் வந்தவர்கள் பேனாவை மூடிவிடுகிறார்கள். ஆகவே நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

வண்ணார்பேட்டையில் ஆற்றுக்கு இறங்குகிற தெருவில் எங்கள் வீடு இருந்தது. அப்பா முதலில் வக்கீல். பிறகு சென்னைச் சட்டசபையில் அங்கத்தினர். நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலேயே அவர் பேரைச் சொன்னால் ஜில்லா முழுவதும் தெரியும். ஆற்றுப் பாலத்தை ஒட்டின பாலம் ஸ்டேஷனில் அவர் ரயிலை விட்டு இறங்குகிற நாளில் ஊரில் பாதி அங்கேதான் நிற்கும். அங்கிருந்து வீடு வரைக்கும் மேளம், கோஷம், வழி நெடுகக் கடைக்குக் கடை மாலை. வீட்டு வாசலுக்கு வரும்போது மாலைகளுக்கு நடுவே மூக்கும் மீசையும்தான் தெரியும்.

படியேறினதும் அந்த மாலைகளை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே தூக்கி எடுப்பார். எடுக்கும்போது முகம் வந்தவர்கள் பக்கம்தான் இருக்கும், பேச்சும் நிற்காது. கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுவார். அங்கே ஒரு கை தயாராக இருந்து வாங்கிக்கொள்ளும். அது என் கை. வயசுக்கு வந்த பிறகு, வந்தவர்கள் உட்காருகிற முன்கட்டுப் பட்டாசாலைக் கதவுக்குப் பின்னால் நின்று வாங்கினேன். அவருக்கு அதில் வித்தியாசம் எதுவும் தெரிந்திருக்காது. கை நீட்டினால் மாலை போய்விடும், அவ்வளவுதான்.

அவருடைய மாலைகளுக்கு ஒரு அளவு உண்டு. அப்பா வெளியே போகும்போது பெரிய தலைப்பாகை கட்டுவார். சரிகைக்கரை போட்ட வெள்ளைத் துணி. மடிப்பு மடிப்பாக ஏறி, அவரை இன்னும் ஒரு சாண் உயரமாக்கும். அதை அவிழ்க்காமலே மாலை இறங்க வேண்டும். ஆகவே அவருக்கென்றால் பூக்கட்டுகிறவர்கள் வாயகலமாகக் கட்டுவார்கள். மற்றவர்களுக்கு மார்பில் நிற்கிற மாலை அவருக்கு முழங்காலைத் தொடும். இந்த அளவு டவுனில் பூக்கட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு கூடை மாலையில் அப்பாவுக்கு உள்ளது எது என்று எட்ட இருந்தே சொல்லிவிடலாம்.

இவ்வளவு மாலையும் அப்புறம் எங்கே போகும் என்று யாரும் யோசிப்பதில்லை. மனுஷன் கழுத்தில் கிடந்ததைச் சாமிக்குப் போட முடியாது. நாரும் ஜரிகையும் இருக்கிறதால் மாட்டுக்குப் போட முடியாது. தெருவில் கொட்டினால் மிதிபடும். கண் பட்ட மாலை மிதிபடக் கூடாது என்பாள் அம்மா. மிச்சம் இருப்பது ஆறு. ஆனால் ஆற்றிலும் மாலையை மாலையாக விடக்கூடாது. மேலே எந்த ஊரிலாவது பிரேதத்தை எரித்துவிட்டு, அதற்குப் போட்ட மாலைகளை ஆற்றில் விடுவார்கள். அவை முழுசாகவே மிதந்து வரும். எங்கள் பக்கத்தில் ஆற்றில் முழு மாலை வந்தால், குளிக்கிறவர்கள் கரையேறி நின்று, அது போன பிறகுதான் மறுபடி இறங்குவார்கள்.

ஆகவே உயிரோடு இருக்கிற மனுஷரின் மாலையை முடிச்சு முடிச்சாகப் பிரித்து, பூவை உதிர்த்து, உதிரிப் பூவாகத்தான் ஆற்றில் விட வேண்டும். அதுவும் அன்றைக்கே. மறுநாள் ஆனால் வாழைநார் காய்ந்து முடிச்சு இறுகிவிடும். அப்புறம் பல்லால் கடித்தாலும் வராது. பட்டாசாலையில் அப்பா தேசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ரெண்டாங்கட்டு முற்றத்தில் அம்மாவும் நானும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மாலை பிரித்துக்கொண்டிருப்போம்.

அந்த வேலையைப் பற்றி நான் பெருமையாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. முதுகு வலிக்கும். செவ்வந்திச் சாறு நகக்கண்ணில் ஏறிக் கறுத்துப் போகும். சோறு பிசையும்போது எனக்கே அருவருப்பாக இருக்கும். அரளிப் பால் பட்டால் தோல் எரியும். ஜரிகையைத் தனியாக எடுக்க வேண்டும், நாரைத் தனியாகக் காயப்போட வேண்டும். குஞ்சத்துக்கு மேலே இருக்கிற கடைசி முடிச்சில்தான் தொடங்க வேண்டும். வேறு எங்கே கை வைத்தாலும் இன்னும் சிக்கும்.

சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் எரிச்சலில் அம்மாவிடம் கேட்டேன்.

“மாலை வாங்கினது அப்பா. நாம ஏன் உக்காந்து பிரிக்கணும்?”

அம்மா கையை நிறுத்தவில்லை. “வாங்கினவங்க பிரிக்கப்படாதுட்டி. வாங்காதவங்க சோலி இது.”

அப்படி ஒரு வழக்கம் உண்மையிலேயே உண்டா, அல்லது என் வாயை அடைக்க அப்போதே அவள் உண்டாக்கிச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவள் சொன்ன தோரணையில் அதற்கு மேல் பேச்சு எழவில்லை.

ஒரு தடவை அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். நான் அவள் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. அன்று வந்த மாலைகளைப் பிரித்து விடும்படி பாத்திரம் தேய்க்க வருகிறவளிடம் சொல்லியிருந்தோம். அவளுக்கும் வீட்டில் ஆயிரம் வேலை. பிரிக்காமலே கூடையோடு ஆற்றில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அப்பா பட்டாசாலையில் சவரம் செய்துகொண்டிருந்தார். தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. ஆற்றில் எங்களுக்குக் கீழே இருக்கிற சீவலப்பேரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு முன்னே வர, ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னே வந்தார்கள். அப்பா ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வாசலுக்கு வந்து நின்றார். ஒப்பாரி பாதியில் நின்றது.

“அண்ணாச்சி இருக்காவளே!” என்றார் ஒருவர். அந்தக் குரலில் சந்தோஷத்தைவிடத் திகைப்புத்தான் அதிகம் இருந்தது.

“நான் எங்கவே போனேன்?” என்றார் அப்பா.

“இல்ல அண்ணாச்சி, ஆத்துல முழு மாலையா வந்துது. இம்புட்டு அகலத்துக்கு இந்த ஜில்லாவுல வேற யாருக்குக் கட்டுதாவ? அதான் துட்டி கேக்கப் பொறப்பட்டு வந்துட்டோம்.”

அப்பா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். துட்டிக்கு, சாவு விசாரிக்க வந்தவர்களைச் சாப்பாடு போடாமல் அனுப்பலாம். உயிரோடு இருக்கிறவரைப் பார்க்க வந்தவர்களை அப்படி அனுப்ப முடியுமா? அம்மாவைப் படுக்கையில் விட்டுவிட்டு அத்தனை பேருக்கும் நான் உலை வைத்தேன். அப்பா வெகுகாலம் அந்தக் கதையைக் கூட்டங்களில் சொல்லி, ஜனங்களின் அன்பு எப்படிப்பட்டது பாருங்கள் என்பார். கைதட்டல் பிரமாதமாக இருக்குமாம்.

அன்று சாயங்காலம் அம்மாவின் கட்டிலருகே வந்து நின்று, “அந்த மாலை விசயத்த ஒழுங்காப் பாக்கச் சொல்லு. அதுக்குன்னு ஆள் இருக்குல்லா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

“சரி,” என்றாள் அம்மா. அவர் போன பிறகு என்னிடம், “இனிமே இத யார்ட்டயும் விடாண்டாம். நாமளே பாத்துக்கிடுவோம்,” என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் காய்ச்சலில் கிடந்ததற்காக வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எனக்குக் கல்யாணமான பிறகும் இந்த வேலை விடவில்லை. வீட்டுக்காரருக்குக் கொழும்பில் உத்தியோகம். வருஷத்துக்கு ஒருமுறை தூத்துக்குடியில் கப்பல் இறங்கி வந்து, சீப்பும் சாயத்துணியும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை இல்லை. ஆகவே நான் பிறந்த வீட்டிலேயே கதவுக்குப் பின்னால் என் பழைய இடத்தில் நின்றேன். அப்பாவுக்கு அப்போதுதான் உச்சமான காலம். ஒரு ஊர் மாலையைப் பிரித்து முடிப்பதற்குள் அடுத்த ஊர் மாலை வந்துவிடும். அம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கிப் போயிருந்தன.

கதை எழுத எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் அப்பாவின் புத்தக அலமாரி என்பது. அது பாதிதான் உண்மை. படித்தது அலமாரியில், எழுதிப் பழகியது முற்றத்தில். கைக்கு வேலை இருக்கும், வாய்க்கும் மனசுக்கும் இருக்காது. அம்மா பேசுகிறவள் அல்ல. ஆகவே நான் மனசுக்குள்ளேயே வாக்கியம் கட்டிப் பார்ப்பேன். பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவேன். பூவெல்லாம் உதிர்த்து முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு போய், கூட்டத்துக்கு அச்சடித்து மிஞ்சின நோட்டீசுகளின் பின்பக்கத்தில் அதை எழுதி வைப்பேன்.

அப்படி எழுதின ஒரு கதையைச் சென்னையில் பெண்களுக்கென்று நடந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அறுவடைக் காலத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு நெல் அவிக்க வருகிற ஒருத்தியைப் பற்றின கதை. எங்கள் கொல்லையில் வருஷா வருஷம் நான் பார்த்ததுதான். அதில் அரசியல் கிடையாது, சமூக சீர்திருத்தம் கிடையாது. அண்டாவில் ஆவி கிளம்புகிற வரைக்கும் அவள் என்ன நினைத்தாள் என்பது மட்டும்தான்.

அதைப் போட்டுவிட்டார்கள். பத்திரிகை வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். கதைக்குக் கீழே என் பெயரைக் காணோம். அப்பாவின் பட்டமும் பெயரும் முழுசாக இருந்தன. கடைசியில் ‘அவர்களின் குமாரத்தி’ என்று இருந்தது. பத்திராதிபர் மரியாதைக்காகச் செய்திருக்க வேண்டும். அந்த மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

அப்புறம் தெருவில் ஆரம்பித்தார்கள். “அப்பா எழுதிக் கொடுத்தாவளா?” என்றார்கள் சிலர். “அப்பா திருத்திக் கொடுத்தாவளா?” என்றார்கள் கொஞ்சம் தாராள மனசு உள்ளவர்கள். “அப்பா ரத்தம்லா!” என்றார்கள் மிச்சம் பேர். நெல் அவிக்கிறவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா அப்போது சென்னையில் இருந்தார். திரும்பி வந்த நாளில் வழக்கம்போல மாலைகளைக் கழற்றி என் பக்கம் நீட்டிக்கொண்டே, கதவைப் பார்த்துச் சொன்னார்.

“ஏட்டி, உன் கதை பத்திரிகையில வந்திருக்காமே. அங்கன எல்லாரும் என்னையப் பாராட்டினாவ. ரொம்பச் சந்தோஷம்.”

மனசாரத்தான் சொன்னார். அவருக்குக் கபடம் தெரியாது. மாலைகளை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒரு முடிச்சும் எனக்கு வசப்படவில்லை. உலகத்தில் ஒரு பொருளாவது, ஒரே ஒரு பொருளாவது, அப்பா வழியாக வராமல் நேரே என் கைக்கு வர வேண்டும் என்று அன்று நினைத்தேன். அது பெரிய ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகும் எழுதினேன். கதைகள் வந்தன. ஒவ்வொன்றின் கீழும் அதே குமாரத்தி.

சில வருஷங்களில் காற்று மாறியது. வாலிபர்கள் வேறு மாதிரிப் பேசத் தொடங்கினார்கள். துரைத்தனத்துக்கு மனுப் போட்டு என்ன ஆயிற்று, இந்தக் கிழவர்கள் கும்பிட்டுக் கும்பிட்டு முதுகு வளைந்ததுதான் மிச்சம் என்றார்கள். ஒரு கூட்டத்தில் அப்பா பேச எழுந்தபோது பின்னால் இருந்து சிரித்தார்களாம். அவர் வந்து சொல்லவில்லை. வேறு ஆட்கள் சொன்னார்கள். அடுத்த தேர்தலில் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். ஸ்டேஷனில் நிற்கிற கூட்டம் மெலிந்தது. மாலைகள் குறைந்தன. பிறகு ஒரேயொரு மாலை, அதுவும் பழைய கட்சிக்காரர் ஒருவர் பழக்கத்தை விட முடியாமல் கொண்டுவருவது. பிறகு அதுவும் நின்றது.

அம்மாவுக்கும் எனக்கும் கை ஓய்ந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா பகலில் படுத்துத் தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அப்பாவைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. சென்னை ரயில் வருகிற நேரத்துக்குக் கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டி, பட்டாசாலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். யாராவது வரலாம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் நிமிர்வார். வண்டி தாண்டிப் போனதும் கையிலிருக்கிற பத்திரிகையைப் புரட்டுவார். இருட்டின பிறகு தலைப்பாகையை அவரே எடுத்து ஆணியில் மாட்டுவார். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நாட்களில் இடம் தெரியாமல் கிடந்தது. இரக்கம் கோபத்தைவிட அலுப்பைக் கொடுக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி தன் வீட்டு முற்றத்தில் பெண்களைக் கூட்டிவைத்து வாரா வாரம் படித்துக் காட்டுகிறாராம். என் கதைகளைப் படித்திருக்கிறார்களாம். நான் வந்து தங்களோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்றார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, துணைக்கு வர, ரயிலேறிப் போனேன்.

என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. முக்கூடலிலிருந்துகூட வண்டி கட்டி வந்திருந்தார்கள். பேசி முடித்ததும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அப்பாவைப் பற்றிக் கேட்பார்கள் என்று நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர்கள் நெல் அவிக்கிறவளைப் பற்றிக் கேட்டார்கள்.

“அண்டா பொங்குற நேரத்துல அவ புருசன நெனைக்கான்னு எழுதியிருக்கிய. அந்நேரம் எவளுக்கு நெனப்பு வரும்? தீயத் தள்ளவே நேரம் இருக்காது. அப்புறம் மூடி வச்ச பொறவுதான் நெனப்பு வரும்,” என்றாள் ஒருத்தி.

“அதெல்லாம் இல்ல, எனக்கு வரும்,” என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். இருவரும் என் கதைக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து, தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்தவள்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புறப்படுகிற சமயத்தில் வயதான ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“நல்லா எழுதுதே தாயி. உங்க அப்பா என்ன சோலி பாக்காவ?”

வாத்தியாரின் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பிறகு என் கழுத்தில் ஒரு மாலை போட்டார்கள். கடையில் வாங்கினதல்ல, அவர்களே கட்டினது. பிச்சியும் மருக்கொழுந்தும் வைத்து நெருக்கமாகக் கட்டியிருந்தார்கள். ஜரிகை கிடையாது. எவ்வளவு மாலைகளைத் தொட்டிருக்கிறேன்! கழுத்தில் விழுந்தால் அது இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ரயிலில் அதைக் கழற்றி ஒரு ஓலைப்பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் மாமா ஏதோ பேசிக்கொண்டு வந்தார். என் காதில் விழவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் காட்ட வேண்டும், அப்பாவிடம் காட்ட வேண்டும், இது எனக்குப் போட்டது என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைத்தான் கட்டிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அப்பா கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் இருந்தார். வண்டிச் சத்தத்துக்கு நிமிர்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் தொங்கியது. பிறகு என் கையில் இருந்த ஓலைப்பெட்டியில் மாலை தெரிந்தது.

“எந்த ஊரு?” என்றார்.

“அம்பாசமுத்திரம்.”

“அம்பாசமுத்திரமா? நம்மள இன்னும் மறக்கல பாத்தியா!” என்று எழுந்து நின்றார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மாமா வாயைத் திறந்தார். திறந்தபடியே என்னைப் பார்த்தார். வழியெல்லாம் கட்டி வைத்திருந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. அப்பா கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இவ்வளவு நாள் யாரும் வராத வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷர். அவரிடம் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. மாலையை எடுத்துத் தூக்கினேன்.

அது இறங்கவில்லை. தலைப்பாகையின் மேல் மடிப்பிலேயே மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் ஏறிக்கொண்டது. அப்பா கண்ணைத் திறந்தார். பிறகு தலைப்பாகையை இரண்டு கையாலும் கழற்றி நாற்காலியில் வைத்தார். மாலைக்காக அவர் தலைப்பாகையைக் கழற்றினதை அன்றுதான் பார்த்தேன். முடி கொட்டி, நடுத்தலை பளபளத்தது. மாலை இப்போது இறங்கி, நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

“அடுத்த தடவ கொஞ்சம் பெரிசாக் கட்டச் சொல்லு,” என்றார்.

“சரிப்பா,” என்றேன்.

மாலையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எடுத்து, வாசலைப் பார்த்தபடியே கையைப் பக்கவாட்டில் நீட்டினார். என் கை தானாகப் போய் வாங்கிக்கொண்டது. அதற்கு என்ன தெரியும், பழகின கை.

முற்றத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பிரித்துவிட்டு எழுந்துவிடலாம், நார் காய்வதற்குள் முடித்துவிடலாம் என்று குஞ்சத்துக்கு மேலே கடைசி முடிச்சைத் தேடினேன். அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். மாலையைப் பார்த்தாள். குனிந்து அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தாள். எத்தனை வருஷ மாலை அந்தக் கையில் போயிருக்கிறது! அவளுக்கு யார் சொல்ல வேண்டும்?

“இது யாருக்குப் போட்டது?”

“எனக்கு.”

“எந்திரி.”

“நானே பிரிச்சிருதேன்ம்மா.”

“எந்திரிட்டி. வாங்கினவ பிரிக்கப்படாது.”

மாலையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். வீங்கின விரலால் முடிச்சைப் பிடித்தாள். நான் எழுந்து தூணோரம் நின்றேன்.

நிலைப்படியில் அப்பா நின்றிருந்தார். சுக்குவெந்நீர் கேட்க வந்திருக்கலாம். அந்த நேரத்தில் ரெண்டாங்கட்டுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. தலைப்பாகை கையில் இருந்தது. அம்மா சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். தன் நெஞ்சில் அது நின்ற இடத்தைத் தடவிக்கொண்டார். ஏதோ கேட்கப் போகிறார், மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டு நாளும் நீங்கதான் பிரிச்சியளா?” என்றார்.

அம்மா நிமிரவில்லை. “பின்ன?” என்றாள்.

முடிச்சு அவிழ்ந்தது. பிச்சிப்பூக்கள் அவள் மடியில் உதிரத் தொடங்கின. அப்பா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் பிரித்து முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்த எனக்கு என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.